கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல்: வாசகர் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். நான் செங்கோட்டைக்காரி. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முப்பத்தோரு வருஷம் வார்டில் நர்ஸாக ஓடி ஓய்வு பெற்றவள், அதனால் பதிலில் நர்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. புற்றுநோய் சிகிச்சைக்காக மாதம் ஒரு தடவை திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் டாக்டர், நர்ஸ், ஸ்கேன் எடுக்கிறவர் எல்லோரும் மலையாளம் தெரிந்த என் தம்பியிடம்தான் பேசுகிறார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறாள். போன தடவை திரும்பும்போது தென்மலை தாண்டியதும், "என்னைய ஒரு சாக்கு மூட்டை மாதிரி ஏத்தி இறக்குதாங்க" என்றாள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. என்ன செய்யலாம் சிஸ்டர்?
(புளியரை வாசகி)

பதில்: சண்டை எதற்கு? அந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு அம்மாவை அவமானப்படுத்தும் எண்ணமெல்லாம் இருக்காது, வரிசையில் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள், யாரிடம் சொன்னால் சீக்கிரம் புரியுமோ அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அம்மா சொன்னது சரிதான். நானே பட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தியேட்டருக்கு டிராலியில் தள்ளிக்கொண்டு போன இரண்டு பேரும் வழி முழுக்க என் தலைக்கு மேலே அன்றைய லாட்டரி ரிசல்ட்டைப் பேசிக்கொண்டே போனார்கள். நானும் எத்தனையோ பேரை அப்படித்தான், சீட்டுக் காசும் மீன் விலையும் பேசிக்கொண்டே தள்ளியிருக்கிறேன் என்பது மேலே ஓடுகிற டியூப் லைட்டுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் உறைத்தது. லிஃப்ட் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டு, "பயப்படாதீங்க" என்றாள். அந்தக் காலையில் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அறைக்குள் போனதும் தம்பி அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் டாக்டரின் கண் தானாக அவரிடம் போய்விடும், பின்னால் நின்றால் முதலில் அம்மா மேல்தான் விழும். போனவுடன் தம்பியே சொல்லிவிடலாம்: "அம்மயோடு பறஞ்ஞால் மதி டாக்டர், ஞான் தமிழில் பறஞ்ஞு கொடுக்காம்" (அம்மாவிடம் சொன்னால் போதும், நான் தமிழில் சொல்லிவிடுகிறேன்). இதற்குக் கோபப்பட்ட டாக்டரை நான் பார்த்ததில்லை. அப்புறம் தம்பி இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் பேசிவிட்டு வெளியே வந்து "ஒண்ணுமில்லம்மா, மாத்திரை மாத்தியிருக்காங்க" என்று முடித்தால் அம்மா மறுபடியும் மூட்டைதான். இன்னொன்று, மூத்திரம் போவது, ரத்தம் படுவது, உள்ளாடை சமாசாரம் இதெல்லாம் மகன் வாய் வழியாகப் போகக்கூடாது. அம்மா கூச்சப்பட்டுப் பாதியை முழுங்கிவிடுவாள், டாக்டருக்கு அந்தப் பாதிதான் வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் உள்ளே போங்கள், அல்லது தமிழ் தெரிந்த சிஸ்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருத்தர் இருப்பார்.

மொழி விஷயத்தில் நம் எல்லைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வம்பு உண்டு. தெரியாத வார்த்தை வந்தால் கேட்டுக்கொள்வோம், தெரிந்த வார்த்தை வேறு அர்த்தத்தில் வந்தால் யார் கேட்பார்கள்? அங்கே பனி என்றால் காய்ச்சல். நாம் மனசு கஷ்டத்துக்குச் சொல்லும் வேதனைதான் அங்கே உடம்பு வலி. மயக்கம் என்று நீங்கள் தலைசுற்றலைச் சொன்னால், தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு (தலைசுற்றலுக்கு அவர்கள் சொல்வது தலகறக்கம்). இதில் பெரிய ஆபத்து வலி. புகைபிடிப்பது அங்கே புகவலி. ஒரு பெரியவரிடம் டியூட்டி டாக்டர், "வலிக்குமோ?" என்றார், அதாவது பீடி சிகரெட் உண்டா என்று. இவர், "ஆமா சார், ராத்திரிதான் ரொம்ப" என்றார். கேஸ் ஷீட்டில் ராத்திரியில் நிறையப் புகைப்பவர் என்று ஏறிவிட்டது! வாழ்நாளில் பீடியைத் தொடாத மனுஷன், முழங்கால் வலிக்காக வந்தவர்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவையே சொல்ல வைத்து ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். எங்கே வலி, எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்தால் பிடிக்காது. தம்பி அதை மலையாளத்தில் பக்கத்திலேயே எழுதட்டும். அந்தத் தாளை அம்மா கையால் டாக்டரிடம் கொடுக்கட்டும், உங்கள் கையால் வேண்டாம். 1956 நவம்பருக்கு முன்னால் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது, என் ஆச்சி மலையாளத்தில் கையெழுத்துப் போடுவாள், அவளுக்கு இந்தத் தாளெல்லாம் தேவைப்பட்டிருக்காது. நமக்குத் தேவைப்படுகிறது.

கேள்வி: ஆஸ்பத்திரிக்காரர்களை விடுங்கள், பார்க்க வருகிற சொந்தக்காரர்களை என்ன செய்வது?
(பாறசாலை வாசகர்)

பதில்: ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்ப முடிந்தால் எவ்வளவோ நல்லது. "ஐயோ, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே" என்று கட்டில் காலடியில் நின்று அழுபவர், அதே நோயில் செத்துப்போன நான்கு பேர் கதையைச் சொல்பவர், நோயாளியைப் பார்க்காமல் "சாப்பிடுறாரா? மோஷன் போறாரா?" என்று மனைவியிடம் விசாரிப்பவர் என்று மூன்று ஜாதி உண்டு. முதல் இரண்டு பேருக்கும் "அவருக்கு மருந்து நேரம்" என்று எழுந்து நில்லுங்கள். மூன்றாமவரிடம், "அவரையே கேளுங்களேன், முழிச்சுத்தான் இருக்கார்" என்றால் போதும்.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட்டில் முப்பது நோயாளிக்கு நாங்கள் இரண்டு பேர். மாதத்துக்கு ஒரு தடவை மேலே இருந்து ஆள் வந்து அன்பாகப் பேசுங்கள், சிரித்த முகத்தோடு இருங்கள் என்று கிளாஸ் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கே இருக்கிறது நேரம்?
(குழித்துறை வாசகி)

பதில்: உங்க ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன் மக்ளே, கிளாஸ் எடுக்க வருகிறவரை ஒரு நைட் டியூட்டி பார்க்கச் சொல்லு. முப்பது பேருக்கு இரண்டு பேர் என்பது நிர்வாகத்தின் தப்பு, அதை உன் முகத்துச் சிரிப்பால் சரிக்கட்ட முடியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது என்னவென்றால், நேரம் பிடிக்காத சில காரியங்கள் இருக்கின்றன. உன் பெயரைச் சொல்வது ஒன்று. கேட் கிரேஞ்சர் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர், தானே புற்றுநோயில் படுத்திருந்தபோது, தன்னிடம் வந்து போகிறவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்வதில்லையே என்று பார்த்து, 2013-ல் "ஹலோ, என் பெயர்..." என்று ஒரு இயக்கமே தொடங்கினார். 2016-ல் அவர் இறந்துவிட்டார், அந்த வழக்கம் நிற்கிறது. "என் பேரு இது, காலைல ஏழு மணி வரைக்கும் நான்தான் இருப்பேன்" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? ராத்திரி இரண்டு மணிக்குப் பயந்து முழிக்கிறவருக்குக் கூப்பிட ஒரு பெயர் கிடைக்கும். உன்னையும் ஏய் நர்ஸ் என்று கத்த மாட்டார்கள்.

இரண்டாவது, உட்கார்வது. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் செய்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், டாக்டர் நின்றுகொண்டு பேசினாலும் உட்கார்ந்து பேசினாலும் செலவான நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உட்கார்ந்தபோது அவர் அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். எங்கள் காலத்தில் டியூட்டியில் உட்கார்ந்தால் மேட்ரன் திட்டுவார். நீ கட்டில் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார், மேட்ரன் கேட்டால் என் பெயரைச் சொல்.

மூன்றாவது, முதல் வாக்கியத்தை வெட்டாமல் விடுவது. 1984-லேயே பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் கணக்கெடுத்தார்கள், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார் என்று. நாமும் அப்படித்தான். வயசானவர்கள் ஒரு வலியைச் சொல்ல மகள் வீட்டுக் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் விட்டால் ஒரு நிமிஷத்துக்குள் முழங்காலுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் வெட்டினால் திரும்பவும் கல்யாணத்திலிருந்து. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் முழிக்கிறவர்களிடம், நேற்றைய வலியை ஒரு ரூபாய் என்று வைத்தால் இன்றைக்கு எத்தனை பைசா என்று கேட்டுப் பார், டக்கென்று பதில் வரும்.

அப்புறம் நீ, நீங்க. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மாதிரி மொழிகளில் வருகிற நோய், இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் இருக்காது. கார் வைத்திருப்பவர் வந்தால் "வாங்க, உட்காருங்க", எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மா வந்தால் "ஏறிப் படு, வாயைத் திற". இரண்டு பேருக்கும் ஒரே ஊசிதான். "பாட்டி, தாத்தா" என்பதும் பார்த்துத்தான். பிரியமாகத்தான் சொல்கிறோம், ஆனால் ஐம்பத்தைந்து வயசு ஹெட்மிஸ்ட்ரஸை பாட்டி என்று கூப்பிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடு. பதினாலாம் நம்பர் பெட் என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லாதே.

தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறாய் என்று சொல், திரையை இழுத்துவிட்டுப் போர்வையை விலக்கு, பெட்பேன் வேண்டுமா என்பதை வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்காதே. "இதோ வர்றேன்" என்று சொன்னால் போ, போக முடியாதென்றால் "அரை மணி நேரம் ஆகும்" என்று உண்மையைச் சொல்.

கேள்வி: ஸ்கேன் பார்க்கும்போது திரை போடவில்லை, அனுமதி கேட்காமல் நான்கைந்து மாணவர்களும் நின்று பார்த்தார்கள். நான் பெண். மறுக்க எனக்கு உரிமை உண்டா?
(தென்காசி வாசகி)

பதில்: உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகள் உரிமைச் சாசனம் என்று ஒன்றைத் தயாரித்தது. அந்தரங்கமும் மரியாதையும் நோயாளியின் உரிமை என்றும், ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மாணவர்கள் படிக்கத்தான் வேண்டும், ஆனால் உங்களைக் கேட்டுவிட்டு. "திரையைப் போட்டுட்டு ஆரம்பிங்க டாக்டர்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. அவரிடம் சொல்லக் கூடாது என்று பெரியப்பா உட்பட எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். வெறும் சளி என்று சொல்லி வைத்திருக்கிறோம். ராத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு என்னடா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றால், மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் அப்பாவுக்குத் தெரியாது என்று நடிக்கிறீர்கள், அவர் உங்களுக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறார். நான் பார்த்தவரை இந்த நாடகத்தில் ரொம்பத் தனியாகிப் போவது கட்டிலில் இருப்பவர்தான். பெரியப்பா கெட்டவர் இல்லை, தம்பி மனசு விட்டுவிடுவான் என்று பயப்படுகிறார்.

அடுத்த தடவை கேட்கும்போது முழுவதையும் கொட்ட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "உங்களுக்கு என்னன்னு தோணுதுப்பா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்தப் பதிலில் வரும். "இது பெரிய நோயாடா?" என்றால், "ஆமாப்பா" என்ற ஒரு வார்த்தை போதும், அதோடு வாயை மூடிக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். "வேண்டாம், நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு, அப்போது விட்டுவிடலாம். நிலத்தை யார் பேரில் எழுத வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நிறைய வேலை பாக்கி இருக்கலாம், சளி என்று நம்புகிறவரால் அதையெல்லாம் செய்ய முடியாது.

நீங்கள் கேரளத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வலி நிவாரணச் சிகிச்சை இயக்கம் பரவி, 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே கொண்டு வந்தது. பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து வையுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கேட்கலாம், அதிலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது.

அந்த நர்ஸ் வரும்போது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு, வாசலிலேயே மடக்கி, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர்" என்று கண்ணைக் காட்டுவது. அதைச் செய்யாதீர்கள். உள்ளே கூட்டிப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்கள் டீ போடப் போங்கள். கொஞ்சம் மெதுவாகவே போடுங்கள்.