ஆசாரி ‘வராது மேடம்’ என்றால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 26. இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு சிறிய நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வரைபடம், 3டி எல்லாம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் சைட்டில் ஆசாரி, “இது வராது மேடம்” என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியவில்லை. சென்னையில் கிச்சன், வார்ட்ரோப் ஃபிட்டிங்ஸ் பற்றி இரண்டு நாள் வொர்க்‌ஷாப் நடக்கிறது. கட்டணம் 7,500 ரூபாய். என் சம்பளமே 22,000தான். லீவு கேட்டால், “யூடியூபில் இல்லாததையா அங்கே சொல்லித்தரப் போகிறார்கள்?” என்கிறார் எங்கள் சார். போன வருடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெரிய ஹோட்டலில் சாப்பாடு போட்டு, கையில் ஒரு பையும் சான்றிதழும் கொடுத்து, நாள் முழுக்க அவர்கள் பொருளின் புகழ் பாடியே அனுப்பிவிட்டார்கள். இந்தச் சான்றிதழ்களால் சம்பளம் கூடுமா? இல்லை, அந்தப் பணத்தில் ரெண்டரிங் சாஃப்ட்வேர் வகுப்பில் சேர்ந்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழை முதலில் பார்த்துவிடுவோம். அதனால் சம்பளம் கூடாது. நம் நாட்டில் இன்டீரியர் டிசைனராக வேலை செய்ய லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளத்தான் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதனால் இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

ஆனாலும் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆசாரி “வராது” என்று சொல்லும்போது சில சமயம் அது உண்மையாகவே வராது. சில சமயம், “நான் அப்படிச் செய்து பழக்கமில்லை” என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். எது எந்த வகை என்று தெரியாததால்தான் நீங்கள் அங்கே வாயடைத்து நிற்கிறீர்கள். வரைந்து வரைந்து அது பிடிபடாது. பொருளைக் கையில் எடுத்துப் பூட்டிப் பார்க்க வேண்டும், தப்பாகவும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டோ ஹிஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவில் 35 மில்லிமீட்டர் குழி போட்டு அதில் உட்கார வைக்கிறார்களே, அதே கீல்தான். அதன் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைத்தான் கிராங்க் என்கிறார்கள். கதவு பக்கப் பலகையை முழுதாக மூடினால் ஜீரோ கிராங்க். நடுவில் 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு பக்கத்துக் கதவும் அதில்தான் வந்து நிற்க வேண்டும் என்றால், ஆளுக்குப் பாதிதான் மூட முடியும். அங்கே 8 கிராங்க். கதவு பெட்டிக்குள்ளேயே அடங்கி நிற்க வேண்டுமானால் 16 கிராங்க். உங்கள் வரைபடத்தில் நடுப்பலகை ஒற்றையாக இருக்கும். எந்தக் கிராங்க் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். ஆசாரி கையில் இருப்பதோ ஜீரோ கிராங்க் பெட்டி. அதைப் போட்டால் இரண்டு கதவும் ஒன்றோடொன்று இடிக்கும். அவர் “வராது” என்பார். இல்லையென்றால் உங்களைக் கேட்காமலேயே நடுவில் இன்னொரு பலகை வைத்துவிடுவார். அலமாரியின் உள் அகலம் குறையும், ப்ளைவுட் செலவு கூடும். கிளையண்ட் குறைசொல்வது உங்களைத்தான்.

இதையெல்லாம் வீடியோவிலும் காட்டுவார்கள்தான். ஆனால் அங்கே கதவு முதல் தடவையே ஒழுங்காக மூடிக்கொள்ளும். நல்ல வொர்க்‌ஷாப்பில் உங்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டு அவர்கள் தள்ளி நிற்பார்கள். நீங்கள் பூட்டிய கதவு கோணலாக நிற்கும். எந்தத் திருகு பக்கவாட்டில் நகர்த்துகிறது, எது முன்னும் பின்னும், எது மேலும் கீழும் என்று நீங்களே திருகிக் கண்டுபிடிப்பீர்கள். அப்புறம் சைட்டில் “அண்ணே, 8 கிராங்க் போட்டால் வருமே, பக்கத் திருகைக் கொஞ்சம் விட்டுப் பாருங்களேன்” என்று நீங்கள் சொன்னால், அவர் உங்களிடம் பேசும் தொனியே வேறாகிவிடும்.

உங்கள் சாரின் கேள்விக்கு வெளிச்சத்தை வைத்தும் பதில் சொல்லலாம். பொருளின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை, அதாவது சி.ஆர்.ஐ.யை, எந்த வீடியோவாலும் சரியாகக் காட்ட முடியாது. கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் உங்கள் போன் திரை தன் நிறத்தைச் சேர்க்கும். ஒரு அரக்குப் பட்டுப்புடவையை சி.ஆர்.ஐ. 80 உள்ள சாதாரண எல்.இ.டி.யின் கீழும், 90க்கு மேல் உள்ளதன் கீழும் மாற்றி மாற்றி விரித்துப் பாருங்கள். ஒன்றில் பழுப்படித்துக் கிடக்கும், மற்றதில் சிவப்பு எழும்பி வரும். இரண்டு பெட்டியிலும் 3000 கெல்வின் என்று ஒரே ஒளி நிறம்தான் போட்டிருக்கும். ஜவுளிக்கடைக்கோ ஒரு வீட்டின் வார்ட்ரோபுக்கோ விளக்கு எழுதிக்கொடுக்கிறவர் அந்த வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ப்ளைவுட்டும் அப்படித்தான். கமர்ஷியல் என்று விற்கும் எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும்) ரகமும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகமும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிர்ணயத்தில் வருபவை. கடைக்காரர்கள் ‘710’ என்று சொல்லும் மரைன் ப்ளை ஐ.எஸ். 710. அதை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். கொதித்தபின் ஏடு ஏடாகப் பிரிந்த எம்.ஆர். துண்டையும், பிரியாமல் நின்ற 710 துண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால், சிங்க்குக்குக் கீழே காசு மிச்சம் பிடிக்கச் சொல்லும் கிளையண்டிடம் எப்படிப் பேசுவது என்பது தானாக வரும்.

போன வருட அனுபவத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. கம்பெனிகள் நடத்துவது அவர்கள் பொருளை விற்கத்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதற்காக அவற்றை அடியோடு ஒதுக்க வேண்டாம். பல இலவசமாகவே நடக்கின்றன. ஆனால் காசு கட்டிப் போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர்? நாங்களே பூட்டிப் பார்ப்போமா, உட்கார்ந்து பார்க்க மட்டும்தானா? சொல்லித்தருகிறவர் ஃபேக்டரியிலோ சைட்டிலோ வேலை செய்தவரா, விற்பனைப் பிரிவிலிருந்து வருகிறவரா? இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் 7,500ஐக் கட்டாதீர்கள். ‘மென்டர்ஷிப்’ என்ற பெயரில் தவணையில் பணம் பிடுங்கும் வகுப்புகளின் பக்கமே போக வேண்டாம்.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது சின்னத் தொகையல்ல. அதனால் வருடத்துக்கு ஒன்று போதும். எதைத் தேர்ந்தெடுப்பது? கடைசியாக முடித்த இரண்டு மூன்று சைட்டில் எதைப் பிரித்துத் திரும்பச் செய்தீர்களோ, அந்த விஷயத்தைச் சொல்லித்தரும் இடத்துக்குப் போங்கள். மற்ற நேரத்தில் காசில்லாமல் கற்கவும் வழி உண்டு. இந்திய இன்டீரியர் டிசைனர்கள் சங்கமான ஐ.ஐ.ஐ.டி. 1972இலிருந்து இயங்குகிறது, சென்னையிலும் கோவையிலும் கிளைகள் இருக்கின்றன. அவர்கள் கூட்டங்களை விசாரியுங்கள். அங்கே கிடைக்கும் அறிமுகங்கள், அவசரத்துக்கு நல்ல பாலிஷ்காரர் எங்கே என்று கேட்க உதவும்.

அப்புறம், உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில், கையாலேயே தரைக்கல் செய்யும் ஆத்தங்குடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கேட்டுக்கொண்டு, வேலை நடக்கும் கூடம் ஒன்றில் நின்று பாருங்கள். கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு நிரப்புவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டு ஆறவிடுவதுதான். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. மேலே இருப்பது வெறும் சிமெண்ட் என்று அங்கே பார்த்தவர் எவரும், புது வீட்டுத் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவ விடமாட்டார். நீங்கள் எந்த வீட்டுக்கு அந்தக் கல்லை எழுதினாலும், ஒப்படைக்கும்போது அதைச் சொல்லிவிடுவீர்கள்.

சாரிடம் ‘லீவு’ என்று கேட்காதீர்கள். எந்தச் சைட்டில் எந்த அலமாரியைப் பிரித்து மாட்டினோம், அதற்கு எவ்வளவு செலவானது என்று கணக்கோடு போய், “இதற்காகப் போகிறேன் சார், வந்து நம் ஆசாரிகளுக்கும் ஒரு மணி நேரம் காட்டுகிறேன், கட்டணத்தில் பாதி ஆபீஸ் கொடுக்குமா?” என்று கேளுங்கள். சிறிய நிறுவனத்தில் ரீவொர்க் செலவு முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது. அந்தக் கணக்கு அவருக்குப் புரியும். அப்படியும் மறுத்தால், சனி ஞாயிறில் நடக்கும் வேறொன்றுக்காகக் காத்திருங்கள். இதற்காக வேலையைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

ரெண்டரிங் வகுப்பு விஷயத்தில் மட்டும் உங்கள் சார் பக்கம்தான் நான். திரையில் செய்யும் வேலையைத் திரையைப் பார்த்தே கற்கலாம். நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பச் செய்து பார்க்கும் வசதி வகுப்பில்கூடக் கிடையாது. உங்களுக்கு 3டி ஏற்கனவே நன்றாக வருகிறது. அந்தப் பணத்தை இப்போதைக்கு அதில் போடாதீர்கள்.