ஊட்டியில் வீட்டுக்கு கேஸ் கீசர் வைக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வைக்கலாம். ஆனால் குளியலறைக்குள் வேண்டாம், ஜன்னல் இருந்தாலும் வேண்டாம். எரிய ஆக்சிஜன் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற உயிரைப் பறிக்கும் விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றே மெலிசு. குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலையும் அடைத்துவிடுவோம். மழையும் காற்றும் நேராக அடிக்காத வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.

12 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 45 கிராம் கேஸ் ஆகும். குழாய் நீளத்தைக் குறைத்து, சூடு போகாமல் அதற்கு உறை போட்டால் நல்ல மிச்சம். தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வசதி கட்டாயம் வேண்டும். அப்புறம், மேல்தொட்டி தாழ்வாக இருந்தால் தண்ணீர் அழுத்தம் போதாமல் கீசர் பற்றவே பற்றாது. வாங்கும் முன்பே கடையில் அதைக் கேளுங்கள்.