ஓவியர் தோட்ட வடிவமைப்புக்கு வரலாமா?

கேள்வி: வயது 43, சென்னைவாசி. இத்தனை காலமும் ஓவியம்தான் தொழில். போன வருடம் அக்கா வீட்டுத் தோட்டத்தை நானே திட்டமிட்டு அமைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த இரண்டு பேர், "எங்களுக்கும் செய்து தாருங்கள்" என்கிறார்கள். இதையே தொழிலாக்கலாமா? படிப்பு வேண்டுமா?

பதில்: தாராளமாக வரலாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கில், 1861-இல் லண்டன் ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர். பார்வை மங்கியதால் நுணுக்கமான வேலைகளை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். சுமார் 400 தோட்டங்களை வடிவமைத்தார். அவர் வீட்டில் 200 அடி நீளத்துக்கு ஒரு பூம்பாத்தி. இரு முனைகளிலும் நீலம், வெள்ளை, சாம்பல். நடுவுக்கு வர வர மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஓவியர் போட்ட கணக்கு அது.

ஆனால் கேன்வாஸில் வைத்த நிறம் வைத்தபடி இருக்கும். செடி இருக்காது. நட்ட அன்றே படம் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம் நம்மைப் போன்ற ஓவியர்களுக்கு உண்டு. நானே இட்லிப்பூச் செடிகளை ஓரடி இடைவெளியில் நெருக்கி நட்டு, இரண்டு வருடம் கழித்துப் பாதியைப் பிடுங்கினேன், என் செலவில். செடி வளர்ந்தபின் எவ்வளவு அகலம் வரும் என்று கேட்டு, அந்த வட்டத்தைத்தான் வரைபடத்தில் போட வேண்டும்.

அடுத்தது வெயில். சென்னையில் ஆனி மாத உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். வீட்டின் வடக்குப் பக்கம் ஆனியில் காய்கிற இடம் மார்கழியில் முழு நிழல். காகிதப்பூவை அங்கே வைத்தால் இலைதான் மிஞ்சும். அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீரும் குறைவாகத்தான் விட வேண்டும்.

மொட்டைமாடி வேலை வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள். ஓரடி ஆழ ஈரமண் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ எடை. கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் ஒரு தொட்டிகூடக் கட்ட வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டம் யாரும் கேட்பதில்லை. பெரிய வளாகங்கள், அரசு வேலைகளுக்குக் கேட்பார்கள். உங்களுக்கு முதலில் தேவை ஒரு செடி நர்சரியில் ஆறு மாத வேலை. பதியம், உரம், மாவுப்பூச்சி எல்லாம் அங்கே கைப்பழக்கமாக வரும். சம்பளம் கிடைக்காவிட்டாலும் போங்கள்.

அப்புறம் பணம். வரைபடத்துக்கு ஒரு கட்டணம், செடி நடுவதற்கு ஒன்று, மாதப் பராமரிப்புக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசினால் வரைபடம் இலவசமாகிவிடும். நம் ஊரில் படம் வரைந்ததற்குக் காசு கேட்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

கேட்ட இருவரில் தரையில் தோட்டம் போடச் சொல்பவரின் வேலையை மட்டும் இப்போது எடுங்கள். இந்தத் தொழில் நிலைக்கும்வரை ஓவிய வருமானத்தை விட வேண்டாம். அக்கா வீட்டுத் தோட்டத்தை ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை நிழலோடு வரைந்து வையுங்கள். அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட அந்த இரண்டு தாள்கள் போதும்.