உப்புக் காற்றில் கட்டுமானப் பாடம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: மதுரையில் ஒரு கட்டிடக்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுமானப் பொருட்களும் முறைகளும் பாடம் எடுக்கிறேன். அழகாக வரைகிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தினால் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. மூன்று நாள் ராமநாதபுரம் கடற்கரைக்கு அழைத்துவர அனுமதி கிடைத்திருக்கிறது. ஆய்வகத்துக்கு நிதி குறைவு. எதைக் காட்டட்டும்? மதிப்பெண் எப்படிப் போடட்டும்?

பதில்: பாடத்திட்டம் செங்கல், கல், சுண்ணாம்பு, சிமென்ட், கம்பி, மரம் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையை இந்த மூன்று நாளும் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கரையில் எல்லாப் பொருளையும் சோதிப்பது உப்பு. அதன் பின்னாலேயே மாணவர்களை நடத்திச் சென்றால் எல்லா அத்தியாயமும் தானாக வந்துவிடும்.

முதல் நாள் நினைவுச் சின்னம் எதுவும் வேண்டாம். மண்டபம், பாம்பன் பக்கம் கடலை ஒட்டிய தெரு ஒன்றில், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, சன்ஷேடின் (ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டியிருக்கும் கான்கிரீட் தட்டு) அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியும் இடம் தேட வேண்டியிருக்காது. காரணத்தை அங்கேயே நின்று சொல்லுங்கள். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம்; அதனால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. கடல் உப்பின் குளோரைடு ஈரத்தோடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

அடுத்து அளவுகோலை எடுக்கச் சொல்லுங்கள். உதிர்ந்த விளிம்பில், கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தது? அந்தத் தடிமனுக்குத்தான் கவர் என்று பெயர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குக் கேட்பது 45 மி.மீ. கவர், எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், 0.45-க்கு மேற்படாத நீர்–சிமென்ட் விகிதம். அலைச்சாரல் நேரடியாகப் படும் பரப்புக்கு 50 மி.மீ., எம் 35. கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர் வீட்டுக்குப் போடும் 20 மி.மீ. கூரைத்தளக் கவரை மாணவர்கள் மனப்பாடமாக இங்கேயும் வரைவார்கள். அதே வீட்டைச் சாரல் படும் கரையில் ஒன்று, கடற்காற்று வீசும் ஊருக்குள் ஒன்று, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் ஒன்று என மூன்று இடத்துக்கு வரையச் சொல்லுங்கள். கோடுகள் ஏன் நகர்கின்றன என்று அப்போது புரியும்.

அந்த 45 மி.மீ. காகிதத்தில் வந்துவிடும். வேலை நடக்கும் இடத்தில் அதைக் காப்பாற்றுபவர் கம்பி கட்டுபவரும் கொத்தனாரும். கம்பியை உயர்த்தி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகுவது, வேலை நடக்கும்போது கம்பியை மிதித்து அமுக்குவது, கலவை இறுகுகிறது என்று தண்ணீர் சேர்ப்பது எல்லாம் நடக்கும். ஆகவே ஒரு மூத்த கொத்தனாரை ஒரு முழு நாள் ஆசிரியராக அமர்த்துங்கள். வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்குத் தரும் அதே சன்மானத்தை அவருக்கும் கொடுங்கள். இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன்: அவரைக் கௌரவமாக நடத்துவதைப் பார்க்கும் மாணவர், நாளை தான் கட்டும் இடத்தில் கொத்தனார் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு வரைதான் ஏற்கலாம். கம்பி இல்லாததற்கு 2000. கரையோர ஆழ்துளைக் கிணறு, ஊருணி, லாரித் தண்ணீர் மூன்றிலும் ஒவ்வொரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் உப்பு நீர் வெள்ளையாகக் கலங்கும். சரியான எண்ணுக்கு நீர் ஆய்வகத்தில் கொடுக்கலாம்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரில் பவளக்கல் தெளிவாகத் தெரியும். அந்தக் காலத்தில் பக்கத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். இன்று அது முடியாது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது எடுப்பதே குற்றமான உயிரினங்களின் பட்டியலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியதற்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு துண்டைக்கூட யாரும் பையில் போட வேண்டாம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, அதை எடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

திரும்பும் வழியில் பாம்பனில் சற்று நில்லுங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 2025-இல் திறந்த புதிய பாலம். புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். வீட்டு சன்ஷேடில் பார்த்த அதே சிக்கல்தான், செலவும் அளவும் வேறு.

மூன்றாம் நாள் சுண்ணாம்பு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுட்ட சுண்ணாம்பை யாரும் தொடக் கூடாது; தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே நீற்றுங்கள். அப்புறம் கல்லூரியில் மூன்று சிறு செங்கல் தூண்கள் கட்டுங்கள்: ஒன்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, ஒன்றுக்குச் சிமென்ட் பூச்சு, ஒன்று வெறுமனே. சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும், சில வாரம் பொறுங்கள். பிறகு மூன்றின் அடியையும் உப்பு நீர்த் தட்டில் நிறுத்துங்கள். நீர் செங்கல் வழியே ஏறி, ஆவியாகும் இடத்தில் உப்பைப் படிகமாக விட்டுப்போகும். அந்தப் படிகம் துளைகளை உள்ளிருந்து நெருக்கும். வாரம் ஒருமுறை படம் எடுத்து, வெள்ளைக்கோடு எவ்வளவு உயரம் ஏறியது என்று குறிக்கட்டும். பழைய சுவரில் கெட்டியான சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுவதையும், சுண்ணாம்பு அதை வெளியே விடுவதையும் இப்படிப் பார்த்தால் மறக்க மாட்டார்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

நேரம் இருந்தால் கூரைக்குப் போடும் பனைமரச் சட்டமான பனங்கையின் வெட்டுமுகத்தையும் காட்டுங்கள். கெட்டியான வைரம் வெளிப்பக்கம், மென்மையான சோறு நடுவில். தேக்கு போன்ற மரத்துக்கு நேர் எதிர்.

மதிப்பெண்ணில் பாதியை, அந்தத் தூண்களைப் பார்த்து எழுதும் மூன்று மாதக் குறிப்பேட்டுக்கு வையுங்கள். மீதிக்கு ஒரே ஒரு சன்ஷேடு வரைபடம் போதும். ஆனால் எந்த வேலை முதலில், எது அடுத்து, கவர் எங்கே தவறக்கூடும், அதை யார் எப்போது சரிபார்ப்பது என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பயணத்தை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி கடைசியில் வையுங்கள்.