வேலை, பிள்ளைகள், குளிசை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மனநல கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்தவள் நான். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். குளிசையின் அளவை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அது டொக்டரின் வேலை.

கேள்வி (தர்மபுரம்): ஆடைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள். இருதுருவ நோய்க்கு (ஒரு நேரம் மனம் சோரும், ஒரு நேரம் அளவு மீறி எழும்பும்) லித்தியமும் ஒலன்சபினும் போடுகிறேன். நாலு மணிக்கு அடுப்பு மூட்ட எழும்பவே முடியவில்லை. வெறும் களைப்பா, நோய் திரும்புகிறதா?

பதில்: தங்கச்சி, லீவு நாளில் நன்றாகப் படுத்து எழும்பினால் மனம் கொஞ்சமாவது இளகுகிறதா? சின்னவன் ஏதும் சொன்னால் சிரிப்பு வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் வேலைக் களைப்பு. ஓய்வு கிடைத்தும் இரண்டு கிழமையாக ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போங்கள். மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்தும் களைக்காமல், கதையும் செலவும் கூடினால் அதைச் சுகம் என்று நினைக்காதீர்கள். நோய் மறுபக்கம் ஏறுகிறது.

ஒலன்சபினை இரவு பத்தரைக்குப் போட்டால் விடிய நாலு மணிக்கும் தூக்கக் கலக்கம் இருக்கும். எட்டு மணிக்குப் போடலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். இரவு வேலை தந்தால் மறுத்துவிடுங்கள், அதற்கு டொக்டரிடம் கடிதமும் கேட்கலாம். நித்திரை குழம்பினாலே இந்த நோய் கிளம்பும்.

இன்னொன்று. கழிவறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் தைக்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். நம் வெக்கையில் உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். முதுகு நோவுக்கு ஃபார்மசியில் டைக்குளோபினாக், இபுபுரூபன் வாங்கிப் போட்டாலும் ஏறும். பனடோல் போடுங்கள். கை நடுக்கம் கூடி நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி (மாங்குளம், ஆசிரியை): ஆறு மாதமாகச் சுகம். குளிசையை நிறுத்தலாமா?

பதில்: டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். குளிசையால்தான் அந்தச் சுகம் நிலைக்கிறதோ என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (புளியங்குளம்): மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் ஐந்து நாள் போட்டும் ஒன்றும் இல்லை. நிறுத்தவா?

பதில்: வேலை செய்ய இரண்டு தொடக்கம் நாலு கிழமை பிடிக்கும். மேலே உள்ள பதிலையும் வாசியுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எங்கள் அம்மாமார் வயலும் மாடும் பார்த்து எட்டுப் பிள்ளை வளர்த்தவை. அவைக்கு வராத களைப்பா?

பதில்: ஐயா, அந்த எட்டையும் ஒரு ஆள் தனியே வளர்க்கவில்லை. அம்மம்மா, சித்தி, மூத்த அக்கா, பக்கத்து வளவு மாமி என்று எத்தனை கை! போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனை வளவில் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள்? உழைப்பதும் அவள், கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுவதும் அவள். அந்தக் காலத்திலும் நோய் வந்தது ஐயா. பேய் பிடித்தது என்று நூல் கட்டினார்கள்.

அதே ஐயா: களைப்பை எல்லாம் நோய் என்றால் யார் வேலைக்குப் போவது?

பதில்: நானும் அப்படிச் சொல்லவில்லை. தீராத வேலை அழுத்தத்தால் ஆளே ஓய்ந்துபோகும் களைப்பை (burnout) உலக சுகாதார நிறுவனமே 2019இல் வேலையோடு வரும் நிலை என்றுதான் வகுத்தது, நோய் என்று அல்ல. ஆனால் ஏற்கனவே மனநோய் உள்ளவருக்கு அந்தக் களைப்பு நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். உங்கள் மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறாளா? பின்னேரம் பேரப்பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். அந்த நேரம் அவள் படுக்கட்டும்.

கேள்வி (வவுனியா, கணவர்): மனைவிக்கு நோய். நான் என்ன செய்ய?

பதில்: இரவில் பிள்ளை அழுதால் நீங்கள் எழும்புங்கள் தம்பி. கிளினிக் நாளில் லீவு போட்டுக் கூடப் போங்கள்.

கேள்வி (துணுக்காய்): பால் கொடுக்கிறேன், அதனால் குளிசையை நானாக நிறுத்தினேன். சரிதானே?

பதில்: சரியில்லை. மூன்றாம் தரம் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும்போது போடக்கூடிய குளிசைகள் இருக்கின்றன. நாளைக்கே கிளினிக் கொப்பியோடு போங்கள்.

கேள்வி (ஊர் போடவில்லை): பிள்ளைகள் நித்திரையான பிறகு சாகலாம் போல் இருக்கிறது.

பதில்: அம்மா, இன்றிரவு தனியே இருக்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். குளிசைகளையும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். எண்ணம் அடங்காவிட்டால் விடியும்வரை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொப்பியும் திகதியும் தேவையில்லை.