ஈ.எஸ்.பி. விளக்கு மின்னினால் என்ன அர்த்தம்?

இந்த முறை நீங்கள் கார் பற்றி அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்கிச் சுழலாமல் காப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது) பற்றியவை.

தக்கலையிலிருந்து: அண்ணா, மழையில் பேச்சிப்பாறை பக்கம் வளைவில் ஈ.எஸ்.பி. விளக்கு மின்னி, எஞ்சின் இழுவையே போய்விட்டது. ஆஃப் செய்தால் நன்றாகப் போகுமா?

போகாது தம்பி. அந்தப் பக்கம் ரப்பர் இலை நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பவில்லை என்றாலோ, அதைவிட அதிகமாகச் சுழன்றாலோ, ஈ.எஸ்.பி. எஞ்சின் சக்தியைக் குறைத்துத் தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. நம் காலுக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். எத்தனை கைதேர்ந்தவரும் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பிடிக்க முடியாது. விளக்கு மின்னினால் வேகமாக உள்ளே நுழைந்திருக்கிறீர்கள், இல்லை ஆக்சிலரேட்டரை அவசரமாக மிதித்திருக்கிறீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஸ்டியரிங் நேராக நேராக மெல்ல மிதியுங்கள். விளக்கு தூங்கும். நான் என் கால் தப்பைக் கண்டுபிடித்ததே அந்த விளக்கைப் பார்த்துத்தான்.

நாகர்கோவிலிலிருந்து: அப்படியானால் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் இவற்றுக்கு ஏன் தடை?

பயன்படாது என்பதால் அல்ல. 1994-இல் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டையும் விலக்கியதே ஓட்டுபவரின் திறமைதான் பேச வேண்டும் என்று. டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2001-இல் திரும்ப வந்தது, 2008-இல் மறுபடி போனது. ஆனால் பந்தயக் காரில் அதை வேகத்துக்காக அமைப்பார்கள். வீட்டுக் காரில் வண்டி சுழலக் கூடாது என்பதற்காகவே அமைப்பதால் முன்கூட்டியே தலையிடும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில், காய்ந்த தரையில், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் ஈ.எஸ்.பி.யைத் தளர்த்திப் பழகுங்கள். நம் ரோட்டில் வேண்டவே வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து: பிரேக் அழுத்தும்போது பெடல் கடகடவென்று அதிர்கிறது. பழுதா?

சடன் பிரேக்கில் மட்டும் என்றால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. பயந்து காலை எடுக்காதீர்கள், இன்னும் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஆனால் ஒரு விஷயம்: ஜல்லி, மணல் பரவிய இடத்தில் ஏ.பி.எஸ். இருந்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம். அங்கே முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள்.

முட்டத்திலிருந்து: கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால்?

அங்கே டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்யலாம், சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வரும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: கையில் பணம் இருக்கிறது, எஞ்சினை ரீமேப் (சக்தி கூட கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றுவது) செய்யவா?

முதலில் நாலு நல்ல டயர். தேய்ந்த டயரில் இல்லாத பிடியை எந்தக் கம்ப்யூட்டரும் தராது மக்களே.