ஊசிப் பரிசோதனைக்குப் பிறகும் நிணநீர்க் கணுவை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. இரண்டரை மாதங்களாக அவருடைய கழுத்தின் இடப்பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, வலியில்லாத கட்டி ஒன்று இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததிலும் புற்றுநோய் தெரியவில்லை. ஆயினும் கட்டியை முழுவதுமாக எடுத்து, நிணநீர்ப் புற்றா என்று சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மருத்துவர் கேட்பது சரியானது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெறிகட்டுவது எல்லோருக்கும் வருவதுதான். பல்லில் சீழ், தொண்டையில் புண், காலில் காயம் என எது நேர்ந்தாலும் அருகிலுள்ள நிணநீர்க் கணு வீங்கி வலிக்கும். காரணம் நீங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் வற்றிவிடும். அப்படி வற்றாமல் நான்கு, ஆறு வாரங்களைக் கடந்தும் நிற்கிற, தொட்டால் ரப்பர் போலிருக்கிற, வலியற்ற கணுவைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று பலர் ஆறுதலடைவது, நிணநீர் மண்டலத்தின் செல்களில் தொடங்கும் நிணநீர்ப் புற்றில் பொருந்தாத ஆறுதல். மேலும், காறை எலும்புக்கு மேலுள்ள கணுக்கள் மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீரைப் பெறுபவை என்பதால், அங்கே தோன்றும் சிறிய வீக்கத்தைக்கூட மருத்துவர்கள் விட்டுவைப்பதில்லை.

இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பது இந்த நோயை விலக்கிவிடாது. ஊசிப் பரிசோதனையின் குறை வேறு வகையானது. ஊசி சில செல்களை மட்டுமே உறிஞ்சித் தரும். ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றில் கணுவை நிறைத்திருப்பவை பெரும்பாலும் சாதாரண அழற்சிச் செல்களே. ஆந்தையின் கண்களைப் போல இரட்டை உட்கருவோடு தோன்றுகிற, 1898இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்ற மருத்துவரும் 1902இல் டோரதி ரீட் என்ற மருத்துவரும் விவரித்த புற்றுச் செல்கள், அவற்றினிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடக்கும். ஊசிமுனை அவற்றைத் தவறவிடுவது எளிது. வேறு சில வகைகளிலோ, செல்கள் தனித்தனியே பார்க்கையில் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். கணுவுக்குள் அவை அமைந்திருக்கும் ஒழுங்கு குலைந்திருப்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒழுங்கைக் காண முழுக் கணு வேண்டும். சிடி20, சிடி30 போன்ற அடையாளப் புரதங்களைச் சோதித்து வகையை உறுதிசெய்யவும் போதிய திசு தேவை. வகைக்கு வகை மருந்து மாறும்.

இன்னொரு காரணமும் உண்டு. காசநோயும் இதே போலக் கழுத்துக் கணுவில் வரும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் என அறிகுறிகளும் ஒத்திருக்கும். திசுவைப் பார்க்காமல் ஒன்றுக்கு மற்றொன்றின் மருந்தைக் கொடுத்து மாதங்களை வீணாக்குவது அரிதல்ல.

பெரியவர்களின் அச்சத்துக்கு வருவோம். ஒரு கணுவை அறுத்தெடுப்பதால் நிணநீர்ப் புற்று பரவுவதில்லை. பரவியிருக்கிறதா என்பதைப் பின்னர் உடலைப் படமெடுக்கும் பெட்-சிடி ஸ்கேன் காட்டும்.

அதுவரை சிலவற்றைக் கவனித்து எழுதிவையுங்கள்: காரணமின்றி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், உடையை மாற்றும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு, தடிப்பில்லாத அரிப்பு. மது அருந்தியதும் கட்டியில் வலி எடுப்பது ஹாட்ஜ்கின் வகையில் காணப்படும், ஆனால் அரிய, விசித்திரமான அறிகுறி. இவை எதுவுமே இல்லாமலும் நோய் இருக்கக்கூடும் என்பதால், இல்லையென்று அறுவையை ஒத்திவைக்க வேண்டாம்.

கணுவை எடுக்கும்வரை வீக்கம் வற்றட்டும் என்று தாமாக ஸ்டீராய்டு மாத்திரை எதையும் அவர் உட்கொள்ளக் கூடாது. கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நுண்ணோக்கியில் நோயை அடையாளம் காண முடியாமல் போகலாம். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படுத்தால் மூச்சுத் திணறினாலோ, முகமும் கழுத்தும் வீங்கினாலோ, அறுவைக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.